மனச்சோர்வு மாத்திரையும் செரோட்டோனின் ஏற்பிகளும்: நிறுத்தும்போதும் நிறுத்திய பிறகும் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. நான்கு வருடம் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை சாப்பிட்டவன். அது எனக்கு உதவியது. அதை நிறுத்தும்போது மட்டும் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு முறை திடீரென்று நிறுத்தி மிகவும் கஷ்டப்பட்டேன், இரண்டாம் முறை எட்டு மாதம் எடுத்துக்கொண்டு சிரமமில்லாமல் வெளியே வந்தேன். இரண்டுக்கும் நடுவே நிறையப் படித்தேன். அதற்குப் பிறகு நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு உங்கள் மாத்திரையில் நீங்களாகவே கை வைக்க வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது பயன்பட்டால் போதும்.

செரோட்டோனின் என்பது "மகிழ்ச்சி ஹார்மோன்" தானே?

அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருட்களில் ஒன்று அது, ஆனால் அதன் வேலை மூளையோடு முடிவதில்லை. உடம்பில் உள்ள செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அங்கே அதன் வேலை குடலை அசைய வைப்பது. ரத்தத் தட்டணுக்களும் அதைச் சேமித்து வைத்திருக்கின்றன, காயம் பட்டால் ரத்தம் உறைய உதவும். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்தது ரத்தத்திலிருந்துதான். ரத்தக்குழாயை இறுக்கும் பொருள் என்ற அர்த்தத்தில்தான் பெயரும் வைத்தார்கள். மூளையிலும் அது இருக்கிறது என்று பெட்டி ட்வாராக் என்ற பெண் விஞ்ஞானி எழுதியது 1953-இல்.

மூளையில் செரோட்டோனினைச் சுரக்கும் நரம்பணுக்கள் மிகக் குறைவு. மொத்தம் 8,600 கோடி நரம்பணுக்களில் சில லட்சம்தான், அவையும் மூளைத்தண்டின் நடுக்கோட்டில் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றின் கிளைகள் மூளை முழுக்கப் பரவியிருப்பதால் தூக்கம், பசி, பதற்றம், வலி, உடலுறவு, உடல் வெப்பம் என்று எல்லாவற்றிலும் செரோட்டோனினுக்குப் பங்கு இருக்கிறது. மாத்திரையை நிறுத்தும்போது சம்பந்தமே இல்லாத மாதிரி இத்தனை தொந்தரவுகள் வருவதற்கு இதுதான் அடிப்படை.

ஏற்பி என்றால் என்ன?

நரம்பணுவின் மேல் இருக்கும் ஒரு புரதம். செரோட்டோனின் வந்து அதில் உட்கார்ந்தால் அந்த அணுவுக்கு ஒரு செய்தி போகும். செய்தி என்னவாக இருக்கும் என்பது எந்த ஏற்பியில் உட்கார்கிறது என்பதைப் பொறுத்தது. செரோட்டோனினுக்கு ஏழு குடும்பங்களில் பதினான்கு வகை ஏற்பிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டாம். 1ஏ, 2ஏ, 2சி, 3 என்ற நான்கைத் தெரிந்தால் இந்தப் பக்கம் புரியும்.

1ஏ பொதுவாக அணுவை அமைதிப்படுத்தும். அதற்கு இன்னொரு முக்கியமான வேலையும் உண்டு, கீழே வருகிறேன். 2ஏ, 2சி இரண்டும் அணுவைத் தூண்டும். பதற்றத்திலும் தூக்கத்திலும் உடலுறவு விருப்பத்திலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. 3 என்பது குடல் நரம்புகளிலும், மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்திலும் இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் குமட்டுகிறதே, அது பெரும்பாலும் இந்த மூன்றாம் ஏற்பியின் வேலைதான். வாந்திக்குக் கொடுக்கும் ஆண்டான்செட்ரான் அடைப்பதும் இதே ஏற்பியைத்தான்.

மாத்திரை இந்த ஏற்பிகளைத்தான் தாக்குகிறதா?

நேரடியாக இல்லை. இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது.

செரோட்டோனின் தன் வேலையை முடித்ததும் அதை வெளியிட்ட அணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் குழாய் மாதிரி ஒரு புரதம் அதற்கு இருக்கிறது. கடத்தி என்று சொல்லலாம். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின், பராக்ஸெட்டின் எல்லாம் அந்தக் குழாயை அடைக்கின்றன. உறிஞ்சப்படாத செரோட்டோனின் வெளியிலேயே அதிக நேரம் நிற்கிறது. அது எந்தெந்த ஏற்பிக்குப் போகிறதோ, அந்தந்த விளைவு வருகிறது. வழக்கமான குறைந்தபட்ச டோஸிலேயே சுமார் 80 சதவீதக் கடத்திகள் அடைபட்டுவிடுகின்றன என்று மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த 80 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மாத்திரை வேறு மாதிரி. அது கடத்தியை விட்டுவிட்டு 2ஏ, 2சி, 3 ஏற்பிகளையே அடைக்கிறது. அதோடு ஹிஸ்டமின் என்ற வேறொரு வேதிப்பொருளின் ஏற்பியையும் அடைப்பதால்தான் தூக்கமும் பசியும் கூடுகின்றன.

முதல் மாத்திரையிலேயே குழாய் அடைபடுகிறது. அப்புறம் ஏன் மனசு சரியாக மூன்று, நான்கு வாரம் ஆகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்பதற்கான விடையும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி நிறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சென்சார் வைத்திருக்கிறீர்கள். செரோட்டோனின் சுரக்கும் நரம்பணுவின் உடலிலேயே அப்படி ஒரு சென்சார் இருக்கிறது. அதுதான் 1ஏ ஏற்பி. மாத்திரை போட்ட முதல் நாட்களில் செரோட்டோனின் அந்த இடத்திலும் சேர்கிறது. சென்சார் உடனே, "போதும், நிறைந்துவிட்டது" என்று மோட்டாரை அணைக்கிறது. அணு சுரப்பதைக் குறைக்கிறது. ஒரு பக்கம் உறிஞ்சுவது குறைந்தாலும் இன்னொரு பக்கம் சுரப்பும் குறைவதால் கிளைகளின் நுனியில் பெரிய உயர்வு வருவதில்லை.

இது நாள் கணக்கில் தொடர்ந்தால் சென்சார் மரத்துப்போகிறது. இரண்டு, மூன்று வாரத்தில் 1ஏ ஏற்பிகள் அதே அளவு செரோட்டோனினுக்கு முன்புபோல அசைவதில்லை. மோட்டார் மறுபடி ஓடுகிறது, ஆனால் குழாய் இன்னும் அடைபட்டே இருக்கிறது. இப்போதுதான் மூளையின் தூரத்துப் பகுதிகளில் செரோட்டோனின் உண்மையாகவே உயர்கிறது. அங்கே உள்ள ஏற்பிகளும் தங்களைச் சரிசெய்துகொள்ள ஆரம்பிக்கின்றன. அதிகமாக வந்து கொட்டுவதால் 2ஏ போன்றவை எண்ணிக்கையிலோ உணர்திறனிலோ குறைகின்றன. எலிகளில் செய்த ஆய்வுகளில், நாள்பட்ட மருந்துக்குப் பிறகு கடத்திகளே குறைந்துபோனதையும் பார்த்திருக்கிறார்கள்.

வேறு விளக்கமும் இருக்கிறது. இந்த மருந்துகள் டிஆர்கேபி என்ற இன்னொரு ஏற்பியில் நேரடியாக ஒட்டி, நரம்பணுக்கள் புது இணைப்புகள் போட உதவுகின்றன என்று ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் குழு 2021-இல் காட்டியது. இணைப்பு வளர நாள் ஆகும் அல்லவா? இரண்டு விளக்கங்களும் ஒன்றோடொன்று மோதவில்லை. இரண்டிலும் மாத்திரை அன்றே வேலையைத் தொடங்குகிறது, மூளைதான் வாரக்கணக்கில் அதற்கேற்ப மாறுகிறது.

"செரோட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு" என்று டாக்டர் சொன்னார். அது பொய் என்று வீடியோவில் பார்த்தேன். எது சரி?

"உங்களுக்குச் செரோட்டோனின் குறைவு" என்று சொல்வது எளிமைப்படுத்திய கதை. மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் செரோட்டோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு நிலையான சான்று இல்லை என்று 2022-இல் லண்டனில் ஜோனா மான்கிரீஃப் குழு வெளியிட்ட தொகுப்பாய்வு சொன்னது. அதற்கு மறுப்புகளும் வந்தன. ஆனால் அதற்கு முன்பே ஆராய்ச்சியாளர்கள் பலர் அந்தக் கதையைக் கைவிட்டிருந்தார்கள். உங்கள் ரத்தத்தில் அளந்து பார்த்துச் சொல்லக்கூடிய "குறைபாடு" எதுவும் கிடையாது.

"அப்படியானால் மாத்திரையே ஏமாற்று" என்று தாவுவது தவறு. 2018-இல் ஆந்த்ரியா சிப்ரியானி குழு 522 சோதனைகளையும் 1,16,477 பேரையும் சேர்த்துப் பார்த்தது. 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) நன்றாக வேலை செய்தன. சராசரி வித்தியாசம் பெரிது இல்லை, ஆனால் இருந்தது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டால் குறைகிறது. உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லையே. இந்த மாத்திரைகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இன்னொரு பயமும் போகும். "குறைபாடு" இருப்பதால் ஆயுள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பயத்தைச் சொல்கிறேன்.

நிறுத்தினால் ஏன் தொந்தரவு வருகிறது?

சித்திரை மாத வெயிலில் நடந்து வந்து வீட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. வீட்டில் வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் கண் வெயிலுக்குப் பழகி தன்னை மங்கலாக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் சாதாரண வெளிச்சமே இருட்டாகத் தெரிகிறது.

நிறுத்தும்போது மூளையில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். மாத்திரை போனதும் கடத்திகள் திறந்துகொள்கின்றன, செரோட்டோனின் சட்டென்று இறங்குகிறது. ஆனால் ஏற்பிகள் இன்னும் பழைய கணக்கில், அதிகச் செரோட்டோனினுக்குப் பழகிய மரத்த நிலையில் இருக்கின்றன. அவை திரும்பிவர வாரங்கள் ஆகும். செரோட்டோனின் அணுக்கள் மற்ற நரம்பு மண்டலங்களையும் கட்டுப்படுத்துவதால், அந்தப் பிடி தளரும்போது அவையும் தாறுமாறாகத் துள்ளுகின்றன. பராக்ஸெட்டினில் கூடுதலாக ஒன்று உண்டு. அது அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளின் ஏற்பியையும் அடைத்துவைத்திருப்பதால், நிறுத்தியதும் அந்தப் பக்கமும் எதிர்வினை வரும்.

என்னவெல்லாம் வரும்? தலைசுற்றல், குமட்டல், வியர்வை, தூக்கமின்மை, பயங்கரமான தெளிவோடு கனவுகள், காரணமில்லாத அழுகை, எரிச்சல், பதற்றம், கை கால் மதமதப்பு. அப்புறம் அந்த ஷாக். தலைக்குள் ஒரு நொடி கரண்ட் அடிக்கிற மாதிரி, கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது "சுரீர்" என்று. நான் முதல் முறை ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது மாத்திரை அட்டையை எடுத்துப்போக மறந்தேன். நன்றாகத்தானே இருக்கிறோம், இப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நான்காம் நாள் தேர் பார்க்கத் தலையைத் திருப்பியபோது அந்த ஷாக் வந்தது. பக்கவாதம் வரப்போகிறது என்றே நினைத்தேன். அன்று நான் பட்ட பயத்தில் பாதி, இது என்ன என்று தெரியாததால் வந்த பயம். தெரிந்துகொள்ளுங்கள்: இந்த மாத்திரையை நிறுத்துபவர்களிடம் உலகம் முழுக்கப் பதிவான அறிகுறி இது. அந்த ஷாக் மட்டும் வந்தால் அது வலிப்பும் இல்லை, பக்கவாதமும் இல்லை.

எல்லோருக்கும் இப்படி வருமா?

இல்லை. பலர் நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாமல் போய்விடுகிறார்கள்.

எத்தனை பேருக்கு வரும் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. 2019-இல் அச்சான டேவிஸ், ரீட் ஆய்வு 56 சதவீதம் என்றது. அதில் இணையக் கருத்துக்கணிப்புகளும் சேர்ந்திருந்ததால் எண்ணிக்கை ஊதிவிட்டது என்றார்கள். 2024-இல் ஜெர்மனியின் ஹென்ஸ்லர் குழு 79 ஆய்வுகளைத் தொகுத்தது. மாத்திரையை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் வந்தன. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். கழித்துப் பார்த்தால் ஆறு, ஏழு பேரில் ஒருவர். கடுமையாக வருவது சுமார் 35 பேரில் ஒருவருக்கு.

இரண்டாவது கணக்கை நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் சோதனைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களோ மாதங்களோதான் மாத்திரை சாப்பிட்டவர்கள். ஐந்து வருடம், பத்து வருடம் சாப்பிட்டவர்களுக்கு அதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முப்பத்தைந்தில் ஒருவர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். எத்தனை கோடிப் பேர் சாப்பிடுகிறார்கள் என்று யோசித்தால் சின்னது இல்லை.

எந்த மாத்திரையில் அதிகம்?

உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவதில் அதிகம். வென்லாஃபாக்சினில் பாதி சுமார் 5 மணி நேரத்தில் போய்விடுகிறது. அதைச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஒரு வேளை தாமதமானாலே தெரியும். பராக்ஸெட்டின் பாதியாக ஏறக்குறைய 21 மணி நேரம் ஆகும், ஆனால் அது தன்னைச் சிதைக்கும் நொதியையே தடுத்து வைத்திருப்பதால் அளவு குறையக் குறைய வேகமாக இறங்கும். இந்த இரண்டும்தான் மோசம். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் நடுத்தரம், பாதியாக ஒரு நாளுக்குச் சற்று மேல். ஃப்ளூஆக்ஸெட்டினில் பாதி போகவே நாட்கள் ஆகும், அது உடம்பில் மாறி உருவாகும் பொருள் 4 முதல் 16 நாள் வரை எடுத்துக்கொள்ளும். அதனால் அது தானாகவே மெதுவாக இறங்குகிறது. அதிலும் தொந்தரவு வரலாம், ஆனால் சில வாரம் தள்ளி வரும். தள்ளி வருவதால் மாத்திரையோடு சம்பந்தப்படுத்திப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

வந்திருப்பது பழைய மனச்சோர்வா, நிறுத்தியதால் வந்த தொந்தரவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில், எப்போது வந்தது? டோஸைக் குறைத்த சில நாட்களுக்குள் வந்தால் பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு. நோய் திரும்புவதானால் வாரங்கள், மாதங்கள் தள்ளி மெதுவாக வரும். இரண்டாவது, என்ன வந்தது? ஷாக், தலைசுற்றல், மதமதப்பு போன்றவை உங்கள் பழைய நோயில் இருந்ததா? இல்லையென்றால் இவை புதிது. மூன்றாவது, பழைய டோஸுக்குத் திரும்பினால் என்ன ஆகிறது? ஓரிரு நாளில் சட்டென்று அடங்கினால் அது நிறுத்தல் விளைவு. மனச்சோர்வு அத்தனை வேகமாக அடங்காது.

இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் நடக்கும் அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. திடீரென்று நிறுத்தி, அழுகையும் பதற்றமும் வந்து, "பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் உன்னால் முடியாது" என்று வீட்டில் சொல்லி, அவரும் அதை நம்பி, இன்னும் பத்து வருடம் அதே டோஸ். அவருக்கு நோயே திரும்பாமல் இருந்திருக்கலாம்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. நோய் உண்மையாகவே திரும்புவதும் உண்டு. இங்கிலாந்தில் 478 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை 2021-இல் வெளிவந்தது. நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டு, நன்றாக இருந்து, நிறுத்தலாமா என்று யோசித்தவர்கள் அவர்கள். ஒரு வருடத்தில், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும், தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. நிறுத்துவதில் ஆபத்து இருக்கிறது என்பது தெளிவு. நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் 44 சதவீதம் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. இதற்கு முன் மூன்று நான்கு முறை மனச்சோர்வு வந்தவர்கள், தற்கொலை முயற்சி வரை போனவர்கள் நிறுத்தும் முடிவை இன்னும் நிதானமாக எடுக்க வேண்டும்.

டோஸை 20-லிருந்து 10, 10-லிருந்து 5 என்று குறைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. 5-லிருந்து நிறுத்தியதும் தாங்க முடியவில்லை. அவ்வளவு சின்ன டோஸில் என்ன இருக்கிறது?

அந்தச் சின்ன டோஸில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மாத்திரையின் அளவும் மூளையில் அதன் விளைவும் நேர்கோட்டில் போவதில்லை. மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019-இல் ஸ்கேன் ஆய்வுகளின் எண்களை வைத்து இதைத் தெளிவாக்கினார்கள். எஸ்சிட்டலோப்ராமின் நெருங்கிய உறவான சிட்டலோப்ராம் என்ற மருந்தை 60 மி.கி. சாப்பிட்டால் சுமார் 88 சதவீதக் கடத்திகள் அடைபடுகின்றன. மூன்றில் ஒரு பங்கான 20 மி.கி.யிலும் 80 சதவீதம் அடைபடுகிறது. சுமார் 9 மி.கி.யில் 70 சதவீதம், 5.4 மி.கி.யில் 60, 3.4 மி.கி.யில் 50. வெறும் 1.5 மி.கி.யில்கூட 30 சதவீதம் அடைபட்டிருக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 20-லிருந்து 10-க்கு வரும்போது இறங்குவது பத்து சதவீதம் போல. ஆனால் 5-லிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது ஏறக்குறைய 60 சதவீதம் ஒரே நாளில் போகிறது. படிக்கட்டில் கடைசிப் படி மட்டும் ஆறு அடி உயரமாக இருந்தால் எப்படி இருக்கும்? அங்கேதான் விழுகிறோம். "இத்தனை சின்ன டோஸ், இனிமேல் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது" என்று நம்மிடம் சொல்வது அந்தப் படியில்தான். எனக்கும் சொன்னார்கள். எஸ்சிட்டலோப்ராமுக்கு எண்கள் வேறு, வளைவு அதேதான்.

அப்படியென்றால் எப்படிக் குறைப்பது?

மருத்துவரோடு சேர்ந்து, முன்பிருந்த டோஸில் இத்தனை பங்கு என்று குறைப்பது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு முன்பு, இந்த அறிகுறிகள் பொதுவாக லேசானவை, ஒரு வாரம் போலத் தானாக அடங்கிவிடும் என்று எழுதியிருந்தது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். அவர்களின் 2022 வழிகாட்டுதல் ஒவ்வொரு முறையும் பழைய டோஸில் பாதி, கீழே வர வர கால் பங்கு மட்டும் என்று குறைக்கச் சொல்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் மாத்திரையை உடைக்க முடியாது. அப்போது திரவ மருந்து கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. நெதர்லாந்தில் நாளுக்கு நாள் சிறிதாகும் மாத்திரைகளைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கோத்துத் தருகிறார்கள். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் அது கிடையாது. எந்த மருந்து திரவமாகக் கிடைக்கும், எந்த மாத்திரையை உடைக்கலாம் என்று கடைக்காரரிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நின்று, உடம்பு அடங்கியதும் அடுத்த படி. தொந்தரவு அதிகமென்றால் முந்தைய படிக்கே திரும்பலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் கடைசிப் பகுதிக்கு மட்டும் நான்கு மாதம் எடுத்தேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடும் முறையைப் பலருக்கும் சொல்கிறார்கள். ஃப்ளூஆக்ஸெட்டின் தவிர மற்றவற்றுக்கு அது சரியான வழி இல்லை என்பதே என் கருத்து. ஒரு நாளில் பாதியாகும் மருந்தை இரண்டு நாளுக்கு ஒரு முறை சாப்பிட்டால் மூளைக்குத் தினமும் ஏற்றமும் இறக்கமும்தான் மிஞ்சும்.

நேரத்தையும் பாருங்கள். கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததும் "மாத்திரை சாப்பிடுவது தெரியக் கூடாது" என்று அவசரமாக நிறுத்தச் சொல்லும் வீடுகளை எனக்குத் தெரியும். வாழ்க்கையில் அதிக நெருக்கடியான மாதத்தில் மூளைக்கும் நெருக்கடி கொடுப்பது கொடுமை.

என் மாத்திரையில் எஸ்சிட்டலோப்ராமோடு குளோனசிபாமும் சேர்ந்திருக்கிறது. பரவாயில்லையா?

இந்தியாவில் இந்தக் கூட்டு மாத்திரை மிக அதிகமாகப் புழங்குகிறது. அட்டையின் பின்னால் படித்துப் பாருங்கள். குளோனசிபாம் முற்றிலும் வேறு வகை, அது காபா என்ற வேறொரு ஏற்பியில் வேலை செய்வது. நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருந்தால் தனித்தனியாகக் குறைக்க முடியாது. அதனால் முதலில் இரண்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

நிறுத்திய பிறகு தொந்தரவு எத்தனை நாள் நீடிக்கும்?

பெரும்பாலானவர்களுக்குச் சில நாள் முதல் சில வாரம். சிறுபான்மையினருக்கு மாதக்கணக்கில், அரிதாக ஒரு வருடத்துக்கு மேலும். நீடிப்பவர்களுக்கு அது ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் அலை மாதிரி வரும், போகும். நல்ல நாட்கள் மெதுவாகக் கூடும்.

தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் வாய் திறக்காத விஷயம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இந்த மாத்திரைகள் உடலுறவு விருப்பத்தையும் உச்சத்தையும் குறைப்பது சாதாரணமாக நடப்பது. 2ஏ ஏற்பியைத் தூண்டுவதும், அதனால் டோப்பமின் குறைவதும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பெரும்பாலும் நிறுத்தியதும் சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு நிறுத்திய பிறகும் போகவில்லை. பிறப்புறுப்பில் மரத்துப்போன உணர்வு, விருப்பமே இல்லாமை, உணர்ச்சிகள் மங்கிப்போதல். நோயாளிகள் பல வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், "அது உங்கள் மனச்சோர்வுதான்" என்று திருப்பி அனுப்பினார்கள். 2019 ஜூனில் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் குழு, நிறுத்திய பிறகும் இது நீடிக்கலாம் என்று மருந்துக் குறிப்பில் எழுதச் சொன்னது. 2021-இல் கனடாவும், 2024-இல் ஆஸ்திரேலியாவும் எச்சரிக்கை சேர்த்தன. எத்தனை பேருக்கு வருகிறது என்ற நம்பகமான எண் இல்லை, நிரூபிக்கப்பட்ட சிகிச்சையும் இல்லை. அரிது என்றுதான் கருதப்படுகிறது. மாத்திரை ஆரம்பிக்கும் நாளிலேயே ஒருவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பயந்து சாப்பிடாமல் போய்விடுவார்கள் என்று மறைப்பது நியாயம் இல்லை.

ஏற்பிகள் நிரந்தரமாகக் கெட்டுப்போய்விட்டனவா?

இரவு இரண்டு மணிக்குத் தூங்காமல் இதைத் தேடுபவர்கள் நிறையப் பேர், நானும் தேடியிருக்கிறேன். ஏற்பி என்பது ஒரு முறை பழுதானால் போயிற்று என்கிற உதிரிப்பாகம் இல்லை. அணு பழைய ஏற்பிகளைச் சிதைத்துப் புதியவற்றை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில், மரத்த 1ஏ ஏற்பிகளும் குறைந்த கடத்திகளும் மருந்தை நிறுத்திய நாட்களிலோ வாரங்களிலோ திரும்பிவந்திருக்கின்றன. அப்படியிருந்தும் சிலருக்கு ஏன் மாதக்கணக்கில் நீடிக்கிறது என்பதற்கு விஞ்ஞானத்தில் இன்னும் விடை இல்லை. ஏற்பிக்குப் பின்னால் அணுவுக்குள் நடக்கும் மாற்றம், மரபணு வேலை செய்யும் விதம், மற்ற மண்டலங்களின் எதிர்வினை என்று பல யோசனைகள் இருக்கின்றன. "உங்கள் மூளை கெட்டுவிட்டது, நாங்கள் சரிசெய்கிறோம்" என்று பொடியும் மாத்திரையும் விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இது போதைப்பழக்கமா?

இல்லை. இந்த மாத்திரைக்காக யாரும் ஏங்குவதில்லை, நாளுக்கு நாள் டோஸ் கூட்டச் சொல்வதும் இல்லை. உடம்பு பழகிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் உண்மையானது, மதிக்க வேண்டியது.

கஷ்டமாக இருக்கும்போது வேறு மருந்து சாப்பிடலாமா?

கேட்காமல் சாப்பிட வேண்டாம். டிராமடால் என்ற வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் மருந்து, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரை எல்லாம் செரோட்டோனினைக் கூட்டுபவை. இந்த மாத்திரையோடு சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு, குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். ஃப்ளூஆக்ஸெட்டினை நிறுத்தி ஐந்து வாரம் வரைக்கும் இந்தக் கவனம் வேண்டும். இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளிலும் கவனமாக இருங்கள். தட்டணுக்களும் அதே கடத்தி வழியாகத்தான் செரோட்டோனினைச் சேர்க்கின்றன என்பதால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும்.

கர்ப்பமாக இருக்கிறேன், உடனே நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து திடீரென்று நிறுத்தாதீர்கள். அந்த வாரமே மகப்பேறு மருத்துவரையும் மனநல மருத்துவரையும் பாருங்கள். சிகிச்சையில்லாத மனச்சோர்வும் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்துதான். பலருக்குத் தொடர்வதே நல்லது என்று முடிவாகும்.

எப்போது உடனே உதவி தேட வேண்டும்?

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், ஒரு இடத்தில் உட்கார முடியாத அளவு உள்ளே தவிப்பு வந்தால், நாள் கணக்கில் தூங்காமல் பேச்சும் வேகமும் வழக்கத்துக்கு மாறாகக் கூடினால், வலிப்பு வந்தால், காத்திருக்காதீர்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் தள்ளிப்போடாமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இலவசமாக எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. கூட இருப்பவர்கள் தொலைபேசியை எடுத்து நீங்களே அழைத்துக் கொடுங்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு எண்ணை அழுத்துவதுகூட மலையாகத் தெரியும். போகும்போது மாத்திரை அட்டையையும், எந்தத் தேதியில் எவ்வளவு குறைத்தார் என்று எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.